தழும்பு சொல்லும் சாட்சி

கணையத்தில் தெரியும் ஒவ்வொரு கட்டியும் அங்கேயே பிறந்ததல்ல. அதன் சொந்த ஊரைக் கண்டுபிடிக்க நோயாளியின் பழைய கதை வேண்டும். பல குடும்பங்கள் மறைத்துவைப்பது அந்தக் கதையைத்தான்.

உடம்பில் சில உறுப்புகளின் பெயர், அவற்றில் நோய் வந்த பிறகுதான் தெரியவருகிறது. கணையம் அப்படிப்பட்டது. இதயத்துக்குக் கவிஞர்கள் இருக்கிறார்கள். பயந்தால் நடுங்குவதற்கு ஈரக்குலை இருக்கிறது. இரைப்பைக்குப் பின்னால், முதுகெலும்புக்கு முன்னால், சுமார் 15 சென்டிமீட்டர் நீளத்தில் குறுக்காகப் படுத்துக்கிடக்கும் கணையத்துக்கு ஒரு பழமொழிகூடக் கிடையாது. செரிமானத்துக்கான நொதிகளையும் ரத்தச் சர்க்கரையைக் கட்டுப்படுத்தும் இன்சுலினையும் சத்தமில்லாமல் சுரந்துகொண்டிருக்கிறது அது. கோவா முதல்வராக இருந்த மனோகர் பாரிக்கர், 2019 ஜனவரியில் மூக்கில் குழாயுடன் சட்டசபைக்கு வந்து பட்ஜெட் படித்தபோது இந்த உறுப்பின் பெயர் பல இந்திய வீடுகளுக்குள் முதல் தடவையாக நுழைந்தது. அதே ஆண்டு மார்ச் 17ஆம் தேதி அவர் மறைந்தார்.

'கணையத்தில் கட்டி' என்ற சொற்கள் தீர்ப்பு மாதிரி ஒலிப்பதற்குக் காரணம் உண்டு. கணைய நாளங்களில் தோன்றும் வழக்கமான புற்றுநோய் மிகக் கொடியது. மஞ்சள் காமாலை, முதுகுவலி, காரணமில்லாத எடைக்குறைவு என்று அது தன்னைக் காட்டிக்கொள்ளும்போது பெரும்பாலும் அறுவை சிகிச்சைக்கான காலம் கடந்துவிடுகிறது. அமெரிக்கப் புள்ளிவிவரங்களின்படி, கணையப் புற்றுநோய் வந்தவர்களில் ஐந்து ஆண்டுகளைத் தாண்டுகிறவர்கள் நூற்றுக்கு 13 பேர் அளவில்தான். 'வீட்டுக்கு அழைத்துப்போய் நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று மருத்துவர் சொன்னால் உறவினர்கள் மறுபேச்சில்லாமல் அழைத்துப்போகிறார்கள்.

ஆனால் கணையக் கட்டி என்பது ஒரே நோய் அல்ல. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003ல் கணையத்தில் கட்டி கண்டுபிடிக்கப்பட்டது. அவர் இறந்தது 2011ல். அவருக்கு வந்தது ஹார்மோன் சுரக்கும் செல்களில் தோன்றும் வேறொரு வகை, மெதுவாக வளரக்கூடியது. இவை இரண்டையும் தவிர மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அது கணையத்தில் பிறந்ததே அல்ல. உடம்பின் வேறொரு மூலையில் பிறந்து, ரத்த ஓட்டத்தில் பயணம் செய்து, கணையத்தில் வந்து குடியேறியது. மருத்துவமனைகளில் கண்டறியப்படும் கணையப் புற்றுக் கட்டிகளில் நூற்றுக்கு இரண்டு முதல் ஐந்து வரை இப்படி வந்தேறியவை.

மும்பையில் எத்தனை வருடம் குடியிருந்தாலும் திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலிக்காரர்தான். புற்றுநோயும் அப்படியே. சிறுநீரகத்திலிருந்து கிளம்பிக் கணையத்துக்கு வந்த கட்டி, சிறுநீரகப் புற்றுநோய்தான். நுண்ணோக்கியில் அதன் முகம் சிறுநீரகத்து முகம். அது எந்த மருந்துக்குப் பணியும், எவ்வளவு வேகமாக வளரும் என்பதெல்லாம் பிறந்த ஊரைப் பொறுத்தது. கணையம் அதன் இப்போதைய விலாசம் மட்டுமே. விலாசத்தை மட்டும் பார்த்து மருந்து கொடுத்தால் தவறான நோய்க்கு வைத்தியம் பார்த்ததாக ஆகும்.

இப்படி வருகிறவற்றில் நுரையீரல், மார்பகம், பெருங்குடல், தோலில் தோன்றும் மெலனோமா ஆகியவற்றின் புற்றுகள் உண்டு. பெரும்பாலும் அவை உடம்பெங்கும் பரவிக்கொண்டே வழியில் கணையத்தையும் தொடுகின்றன. சிறுநீரகப் புற்றுநோயின் நடத்தை வேறு. அதில் ஒரு சிறு பிரிவு, மற்ற உறுப்புகளையெல்லாம் விட்டுவிட்டுக் கணையத்தை மட்டும் தேர்ந்தெடுக்கிறது. அதைவிட வியப்பு, அது எடுத்துக்கொள்ளும் காலம். சிறுநீரகத்தை அகற்றிச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் அளவில் கழிந்த பிறகு அது கணையத்தில் தலைகாட்டுகிறது. இருபது ஆண்டுகளுக்கு மேல் கழித்து வந்ததும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அறுவை சிகிச்சைக்குப் பின் ஐந்து வருடம் ஓடிவிட்டால் 'தப்பித்தாயிற்று' என்று கோயிலுக்குப் போய்வருவது வழக்கம். இந்த நோயின் நாட்காட்டி அதைவிட நீளமானது.

ஏன் கணையம்? ஸ்டீபன் பேஜட் என்ற ஆங்கிலேய அறுவை மருத்துவர் 1889லேயே இந்த மாதிரிக் கேள்வியோடு மல்லாடினார். மார்பகப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பரிசோதனைக் குறிப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு, நோய் எந்தெந்த உறுப்புக்குப் பரவியிருந்தது என்று எண்ணிப்பார்த்தார். ரத்தம் எடுத்துச்செல்கிற இடமெல்லாம் புற்றுநோய் பரவும் என்றால் ஈரலுக்குப் போன மாதிரி மண்ணீரலுக்கும் போயிருக்க வேண்டும். போகவில்லை. விதை காற்றில் எங்கும் பறக்கலாம், ஏற்ற மண்ணில்தான் முளைக்கும் என்று அவர் முடிவுக்கு வந்தார். நூறாண்டுகளுக்கு மேலாகியும் புற்றுநோய் ஆராய்ச்சியாளர்கள் இந்த விதை, மண் கருத்தைக் கைவிடவில்லை. சில சிறுநீரகப் புற்றுச் செல்களுக்குக் கணையம் ஏற்ற மண்ணாக இருக்கிறது என்பது தெரிகிறது. அந்த மண்ணில் உள்ள சத்து எது என்பது இன்னும் முழுதாகப் பிடிபடவில்லை.

நாக்பூரில் ஓய்வுபெற்ற தபால் துறை ஊழியர் ஒருவருக்கு 2022ல் நடந்ததைப் பார்த்தால், ஏட்டில் உள்ள இந்த விஷயம் ஒரு குடும்பத்துக்குள் நுழையும்போது என்ன ஆகிறது என்பது புரியும். அப்போது அவருக்கு 67 வயது. சாப்பிட்ட பிறகு வலது பக்கம் வலி. பித்தப்பையில் கல் இருக்கலாம் என்று ஸ்கேன் எடுத்தார்கள். கல் இருந்தது. கூடவே கணையத்தின் வால்பகுதியில் இரண்டு கட்டிகள் இருந்தன. முதலில் பார்த்த மருத்துவர் மகனைத் தனியாக அழைத்து, கணையத்தில் புற்றுநோய் மாதிரித் தெரிகிறது, வயதையும் யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். அன்றிரவே வீட்டில் நிலப் பத்திரம் எங்கே, எல்.ஐ.சி. பாலிசி எங்கே என்ற பேச்சு தொடங்கிவிட்டது.

இரண்டாவது கருத்துக் கேட்கலாம் என்று மருமகள்தான் பிடிவாதம் பிடித்தார். இரண்டாவது மருத்துவர் ஸ்கேன் பிலிமை ஓரமாக வைத்துவிட்டு நோயாளியின் சட்டையைத் தூக்கிப் பார்த்தார். இடது விலாவிலிருந்து தொப்புளை நோக்கி நீளமாக ஒரு பழைய தழும்பு.

"காகா, இது என்ன ஆபரேஷன்?"

"கிட்னியில் கல். 2008ல் ஜபல்பூரில் வேலை பார்த்தபோது எடுத்தார்கள்."

"ஸ்கேனில் இடது கிட்னியே இல்லையே?"

"கல் பெரிதாக இருந்ததாம். கிட்னியையும் சேர்த்து எடுத்துவிட்டோம் என்றார்கள்."

இடது சிறுநீரகம் அகற்றப்பட்டிருக்கிறது என்று ஸ்கேன் அறிக்கையின் மூன்றாவது வரியில் அச்சாகியிருந்தது. முதலில் பார்த்தவர் அந்த வரியில் நிற்கவில்லை. பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனைவி எதுவும் பேசவில்லை. எல்லோரும் வெளியே வந்த பிறகு, குடையை உள்ளே விட்டுவிட்டதாகச் சொல்லித் தனியாகத் திரும்பிப் போனார். 14 வருடம் சொல்லாமல் வைத்திருந்ததை மருத்துவரிடம் இரண்டு நிமிடத்தில் சொல்லி முடித்தார். எடுத்தது கல் அல்ல, கட்டி. புற்றுநோய் என்று எழுதிக்கொடுத்தார்கள். மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்த நேரம். விஷயம் வெளியே தெரிந்தால் சம்பந்தம் கைவிட்டுப் போகும். கணவருக்குத் தெரிந்தால் மனம் உடைந்துபோவார். அதனால் கல் என்று சொல்லிவைத்தார்கள். முதல் இரண்டு வருடம் 'பி.பி. பார்க்கலாம்' என்று ஏதோ சாக்குச் சொல்லிப் பரிசோதனைக்கு அழைத்துப்போனார். மூன்றாவது வருடம் சாக்குகள் தீர்ந்துபோயின.

ஜபல்பூரில் சிகிச்சையளித்த சிறிய மருத்துவமனையில் பழைய பதிவுகள் எதுவும் இல்லை. ஆனால் தகர டிரங்குப் பெட்டியின் அடியில், கல்யாணப் புடவைக்குக் கீழே, அந்த அறிக்கையை மனைவி நான்காக மடித்து வைத்திருந்தார். தட்டச்சு எழுத்துகள் மங்கியிருந்தன. ஆனாலும் 'கிளியர் செல்' என்ற இரண்டு வார்த்தைகளைப் படிக்க முடிந்தது. சிறுநீரகப் புற்றுநோயில் மிகுதியாகக் காணப்படும் வகை அது. செல்களுக்குள் இருக்கும் கொழுப்பும் சர்க்கரைப் பொருளும் பரிசோதனைக்கூடத்து ரசாயனங்களில் கரைந்துபோவதால் நுண்ணோக்கியில் அவை வெறுமையாக, தெளிவாகத் தெரியும். பெயர்க் காரணம் அதுதான்.

அந்த இரண்டு வார்த்தைகள் கிடைத்த பிறகு ஸ்கேனைப் படிக்கும் விதமே மாறிவிட்டது. நரம்பில் மருந்தேற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில் வழக்கமான கணையப் புற்று, சுற்றியுள்ள திசுவைவிட மங்கலாகத் தெரியும். அதற்குள் ரத்த ஓட்டம் குறைவு. சிறுநீரகத்திலிருந்து வந்தது அதற்கு நேர்மாறு. ரத்த நாளங்கள் மண்டிக்கிடப்பதால் விளக்குப் போட்ட மாதிரிப் பளிச்சென்று ஒளிரும். இவருடைய இரண்டு கட்டிகளும் ஒளிர்ந்தன. ஆனால் ஒளிர்வதை மட்டும் வைத்துத் தீர்மானிக்கவும் முடியாது. ஸ்டீவ் ஜாப்ஸுக்கு வந்த வகையும் இதே மாதிரி ஒளிரக்கூடியது. அதனால் வாய் வழியாக எண்டோஸ்கோப்பியைச் செலுத்தி, அதன் முனையில் இருக்கும் அல்ட்ராசவுண்ட் கருவியால் இரைப்பைச் சுவர் வழியே கணையத்தைப் பார்த்து, மெல்லிய ஊசியால் துணுக்கு எடுத்தார்கள். பெதாலஜிஸ்டிடம் துணுக்கோடு அந்த மடித்த காகிதத்தின் பிரதியும் போனது. ஊசியில் வருவது கடுகளவு திசு. பழைய கதை தெரியாமல் பார்க்கிறவர் அதைக் கணையத்திலேயே பிறந்த ஏதோ ஒன்று என்று நினைப்பதற்கு இடமுண்டு. கதை தெரிந்தவர், சிறுநீரகத்துச் செல்லா என்று கண்டுபிடிக்கும் சாயச் சோதனைகளைச் செய்துபார்ப்பார். பதில் வந்தது: சிறுநீரகம்.

கணவரிடம் சொல்ல வேண்டிய கட்டம் அப்போது வந்தது. மருத்துவரே சொன்னார். அவர் சத்தம் போடவில்லை. இது யார் யாருக்குத் தெரியும் என்று மட்டும் கேட்டார். மனைவி, தம்பி, மகன், ஆபீசில் இரண்டு பேர். "எனக்கு மட்டும் தெரியாது" என்றார். அதன் பிறகு பல நாட்கள் மனைவியுடன் சரியாகப் பேசவில்லை. தன்மீது வைத்த அன்பில்தான் மறைத்தார்கள் என்பது அவருக்குத் தெரியும். ஆனால் தன் உடம்பைப் பற்றிய செய்தி ஊராரிடம் இருந்து தன்னிடம் இல்லாமல் போனதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

கணையத்தின் வால்பகுதியையும் அதை ஒட்டிய மண்ணீரலையும் அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். மண்ணீரல் போனால் சில கிருமிகளை எதிர்க்கும் சக்தி குறையும் என்பதால் முன்கூட்டியே தடுப்பூசிகள் போட்டார்கள். கணையம் குறைந்ததால் சர்க்கரை வியாதி வந்தது, மாத்திரை சாப்பிடுகிறார். முதலில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை, பிறகு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஸ்கேன். தேதியை அவரே காலண்டரில் வட்டமிட்டு வைத்துக்கொள்கிறார்.

இவருக்கு நடந்த மாதிரி எல்லோருக்கும் நடக்கும் என்று சொல்வது நியாயமாகாது. நுரையீரலிலிருந்தோ மெலனோமாவிலிருந்தோ கணையத்துக்கு வந்த நோய் பெரும்பாலும் உடம்பெங்கும் பரவியதற்கான அறிகுறி. அங்கே கத்திக்கு வேலை குறைவு. கட்டி கணையத்தின் தலைப்பகுதியில் இருந்தால் முன்சிறுகுடல், பித்தநாளம் எல்லாவற்றையும் சேர்த்து அகற்றி, மிச்சமிருப்பதை மறுபடி இணைக்க வேண்டும். நியூயார்க் மருத்துவர் ஆலன் விப்பிள் 1935ல் விவரித்த அறுவை அது. இன்றும் பெரிய அறுவைதான். அடிக்கடி செய்து கைதேர்ந்த மையத்தில் செய்துகொண்டால் மட்டுமே ஆபத்துக் குறையும். எல்லோருக்கும் உடனே அறுவை தேவை என்பதும் இல்லை. மெதுவாக வளரும் சிறு கட்டியை வயதானவர்களிடம் கொஞ்ச காலம் கண்காணித்துப் பார்ப்பதும் உண்டு.

ஆனால் சிறுநீரகத்திலிருந்து கணையத்துக்கு மட்டும் வந்து, அகற்றக்கூடிய நிலையில் இருந்து, அகற்றப்பட்டவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் ஐந்து ஆண்டுகளைத் தாண்டி வாழ்ந்திருக்கிறார்கள் என்று பல மருத்துவமனைகளின் அனுபவம் காட்டுகிறது. அகற்ற முடியாதவர்களுக்கும் மருந்துகள் இருக்கின்றன. கிளியர் செல் கட்டிகளில் பெரும்பாலும் வி.எச்.எல். என்ற மரபணு பழுதாகியிருக்கும். அதனால் செல்கள் ஆக்சிஜன் இல்லாமல் தவிப்பதாகப் பாவித்துக்கொண்டு புதுப்புது ரத்த நாளங்களை வரவழைக்கின்றன. கட்டி ஸ்கேனில் ஒளிர்வதன் ரகசியம் இதுதான். செல்கள் ஆக்சிஜனை உணரும் விதத்தைக் கண்டுபிடித்த மூவருக்கு 2019ல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அந்த ரத்த நாளங்களை வளரவிடாமல் தடுக்கும் சோராஃபெனிப், சுனிடினிப் போன்ற மாத்திரைகள் 2005, 2006ஆம் ஆண்டுகளிலேயே அமெரிக்காவில் அனுமதி பெற்றன. வழக்கமான கணையப் புற்றுக்குக் கொடுக்கும் கீமோதெரபி இங்கே செல்லாது. இரண்டு நோய்க்கும் இடையே இருக்கும் தூரம் இவ்வளவு. அந்தத் தூரத்தைக் கடக்கவைப்பது சில சமயம் ஒரு பழைய காகிதம்.

அந்தக் காகிதத்துக்கு இந்தியாவில் பாதுகாப்பு போதாது. இந்திய மருத்துவக் கவுன்சில் 2002ல் கொண்டுவந்த நடத்தை விதிகளின்படி, உள்நோயாளிகளின் பதிவுகளை மருத்துவர் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகள் வைத்திருந்தால் போதும். நோய் திரும்பிவருவதோ பத்து ஆண்டுகள் கழித்து. பல பெரிய மருத்துவமனைகள் அதைவிட நீண்ட காலம் பதிவுகளைக் காப்பாற்றுகின்றன. சிறிய நர்சிங் ஹோம்களிடம் அதை எதிர்பார்க்க முடியாது. இடையில் கட்டடம் கைமாறும், மருத்துவர் வேறு ஊருக்குப் போவார், மழையில் அலமாரி நனையும். 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் கொடுத்து, பதிவுகளை அதனுடன் இணைக்க வழிசெய்கிறது. இனி வரும் சிகிச்சைகளுக்கு அது உதவும். 2008ல் ஜபல்பூரில் தட்டச்சு செய்த காகிதம் அதில் தானாக வந்து சேராது.

ஆகவே நோயாளியின் நிஜமான ஆவணக் காப்பகம் இன்னும் அவருடைய வீடுதான். மும்பை பரேலில், டாட்டா நினைவு மருத்துவமனையைச் சுற்றியுள்ள நடைபாதைகளில் பிகாரிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வந்து காத்திருக்கிறவர்களின் மடியில் பாலிதீன் பை ஒன்று இருக்கும். சாப்பாட்டு மூட்டையைவிட அதை அவர்கள் பத்திரமாக வைத்துக்கொள்வார்கள். நோய் குணமான மறுவருடமே அந்தப் பை பரணுக்குப் போய்விடுகிறது. வீடு மாறும்போது, 'வீட்டில் இருந்தால் பீடை' என்று யாரோ சொல்லப் பழைய பேப்பர்காரருக்குப் போய்ச் சேருகிறது.

மூன்றே மூன்று காகிதங்களைக் காப்பாற்றினால் போதும். என்ன அறுவை செய்தார்கள் என்று சொல்லும் டிஸ்சார்ஜ் சம்மரி, எடுத்த உறுப்பில் என்ன இருந்தது என்று சொல்லும் பயாப்ஸி அறிக்கை, கடைசியாக எடுத்த ஸ்கேனின் அறிக்கை. நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ பதிவுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்பதும் அதே 2002 விதிகளில் இருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பும் அன்றே கேட்டு வாங்குவது நல்லது. அவற்றைக் கைப்பேசியில் படம் எடுத்து இன்னொருவரிடமும் கொடுத்துவைக்கலாம்.

காகிதத்தைக் காப்பாற்றுவது சுலபமான பாதி. நோயாளியிடம் உண்மையைச் சொல்வதுதான் கஷ்டமான பாதி. புற்றுநோய் என்றால் மரணம் என்றிருந்த காலத்தில், சொல்லாமல் விடுவது கருணையாகக் கருதப்பட்டது. இன்று பலர் பிழைத்து, பதினைந்து இருபது வருடம் வாழ்கிறார்கள். அந்தக் காலம் முழுவதும் வேறு ஊரில், வேறு மருத்துவரின் முன்னால், மயக்கத்தில் இல்லாத வரையில், பதில் சொல்லப்போகிறவர் அவர்தான். மறைத்த மனைவியும் தம்பியும் அப்போது பக்கத்தில் இருப்பார்கள் என்று நிச்சயமில்லை. 'இதற்கு முன் என்ன ஆபரேஷன் ஆகியிருக்கிறது?' என்ற கேள்விக்குச் சரியான பதில் தெரிந்திருப்பது அவருடைய உரிமை. அந்தப் பதில் தெரியாமல் எந்த மருத்துவரும் கணையத்தில் தெரியும் நிழலுக்குச் சரியான பெயர் வைத்துவிட முடியாது.